கொளத்தூருக்குப் போன மீன்

ஊர்களுக்குப் புகழ் வாய்ப்பது பலவிதம். காஞ்சிபுரம் என்றால் பட்டு, திண்டுக்கல் என்றால் பூட்டு, பத்தமடை என்றால் பாய், மணப்பாறை என்றால் முறுக்கு. இந்த வரிசையில் சென்னை மாநகரின் வடமேற்கு ஓரத்திலுள்ள கொளத்தூரையும் சேர்க்கலாம். கொளத்தூர் என்றால் வண்ண மீன். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் எவரிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். எனக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு ஏற்பட்டது ஒரு மீனால். அதுவும் ஒரு முரட்டு மீனால். அந்தக் கதையை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் எனக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைப் பரிசளித்தார்கள். நீளம் இரண்டடி, அகலம் ஓரடி, உயரம் ஓரடி. நான் படிக்கும் அறையின் சன்னலோரத்தில் வைத்து, கூழாங்கல் பரப்பி, இரண்டு செடிகளும் நட்டுக் கொடுத்தார்கள். அதில் விடுவதற்காகக் கொளத்தூர் சென்று எட்டுக் கப்பிகளையும், இரண்டு தங்க மீன்களையும், கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரு சிறு மீனையும் வாங்கி வந்திருந்தார்கள். அந்தச் சிறு மீன் என் சுண்டுவிரல் நீளம்தான். புலியின் உடம்பிலுள்ள கோடுகளைப் போல அதன் உடலெங்கும் செந்நிறக் கீற்றுகள். வாலின் அடியில் ஆரஞ்சு வளையமிட்ட ஒரு கரும்புள்ளி. "இது ஆஸ்கார் மீன், சாமி. நல்லாப் பழகும். இந்தத் தொட்டியே போதும்னு கடைக்காரர் சொன்னார்" என்றார்கள். அந்தக் கடைக்காரர் யாரோ, எவரோ. அவர் சொன்னதில் முதற்பாதி உண்மை, பிற்பாதி பொய் என்பதை நான் அறிய ஓராண்டு ஆயிற்று.

முதல் மாதத்திலேயே கப்பிகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. தொட்டியிலிருந்து துள்ளி விழுந்திருக்கும் என்றெண்ணி அறையெங்கும் தேடினோம். மூன்றாம் மாதத்தில் ஒரு தங்க மீன் செதில் உரிந்து மிதந்தது. மற்றொன்றை எங்கள் உபதேசியார் எடுத்துச் சென்று தம் வீட்டுக் கிணற்றில் விட்டுக் காப்பாற்றினார். இப்போது தொட்டி முழுவதும் ஆஸ்காரின் ஆட்சி. செடிகளைப் பிடுங்கி எறிந்தது. கூழாங்கற்களை வாயால் கவ்விச் சென்று ஒரு மூலையில் குவித்தது. நான் அவற்றைப் பரப்பி வைத்தால், மறுநாள் காலைக்குள் மீண்டும் அதே மூலையில் குவியல். கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானியை மோதி உடைத்தது. தொட்டிக்குள் கை விட்டால் செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு பாய்ந்தது. சிறுவர்கள் அதற்குச் 'சண்டியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் சண்டியரிடம் ஓர் ஈர்ப்பு இருந்தது. நான் அறைக்குள் நுழைந்தால் முன்பக்கக் கண்ணாடிக்கு வந்து நிற்கும். உபதேசியாரின் கையில் தீனி டப்பாவைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு மேலே வரும். அவர் சும்மா வந்தால் திரும்பியும் பாராது. தண்ணீர் மாற்றிய அன்று மனத்தாங்கலோடு ஒருக்களித்துத் தரையில் படுத்துக்கொள்ளும். செத்துவிட்டது என்று முதன்முறை பதறிப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போல் எழுந்து நீந்தியது. இவ்வின மீன்களுக்கு இது வழக்கமாம்.

அதைப் பற்றி வாசிக்கலானேன். வியப்பான செய்திகள் கிடைத்தன. ஆஸ்காரின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான் ஆறும் அதன் கிளைகளும் மழைக்காலத்தில் கரை கடந்து காட்டுக்குள் புகுந்து மாதக்கணக்கில் நிற்கும். மரங்களின் அடிப்பகுதி நீரில் மூழ்கியிருக்கும் அந்த மங்கலான, மெல்ல அசையும் நீரில்தான் இம்மீன் வாழ்கிறது. 1817 முதல் 1820 வரை ஸ்பிக்ஸ், மார்த்தியுஸ் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள் பிரேசிலில் பயணம் செய்து திரட்டிய மீன்களை, மியூனிக் நகரில் லூயி அகாஸி என்ற இளைஞர் ஆராய்ந்து எழுதினார். அவரே 1831-இல் இந்த மீனுக்கு முதன்முதல் அறிவியற் பெயர் சூட்டியவர். ஆனால் அவர் ஒரு பிழை செய்தார்: இதைக் கடல் மீன் என்று எண்ணிவிட்டார்! பிற்காலத்தார் அதைத் திருத்தினார்கள். எனினும் அவர் வைத்த 'ஒசெல்லாத்துஸ்' என்னும் சொல் நிலைத்துவிட்டது. இலத்தீனில் ஒசெல்லுஸ் என்றால் சிறு கண். வாலடியிலுள்ள அந்தப் புள்ளியைத்தான் அவர் குறித்தார்.

அந்தப் பொய்க்கண் வெறும் அழகுக்கு அன்று. அமேசான் நீரில் பிற மீன்களின் துடுப்பையும் வாலையும் கடித்துத் தின்னும் பிரானா மீன்கள் மிகுதி. வாலடியில் கண் இருப்பது போல் தோன்றினால், கடிக்க வருவது எது தலை, எது வால் என்று மயங்கும். நேருக்கு நேர் பார்ப்பதாக எண்ணி விலகும் என்று 1990-இல் வெளியான ஓர் ஆய்வு கருதுகிறது.

ஆஸ்கார் சேர்ந்துள்ள குடும்பத்துக்குச் 'சிக்லிட்' என்று பெயர். தொட்டிகளில் பெருமிதத்துடன் நிற்கும் ஏஞ்சல் மீன், தட்டு வடிவ டிஸ்கஸ், நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன் எல்லாம் இக்குடும்பத்தவையே. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் உள்ளன. நம் நாட்டுக்கே உரிய சிக்லிட்டுகளும் உண்டு, மூன்றே இனங்கள். அவற்றில் பெரியது கேரளத்தார் கரிமீன் என்று போற்றி உண்ணும் மீன். 2010-இல் அம்மாநிலம் அதைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. நம் பழவேற்காட்டு ஏரியிலும் அது உண்டு. இந்தக் குடும்பத்தின் சிறப்பு, பெற்ற பிள்ளைகளைக் காப்பது. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் தம் வழியே போய்விடும். சிக்லிட்டுகளோ ஓர் இடத்தைத் தேர்ந்து, அதைச் சுத்தம் செய்து, முட்டையிட்டு, குஞ்சுகள் தாமே நீந்தி இரை தேடும்வரை காவல் நிற்கும். அவற்றின் முரட்டுத்தனத்துக்குக் காரணம் இதுவே. காக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆகவே எல்லை உண்டு. எல்லை உண்டு என்பதால் சண்டையும் உண்டு. பரந்த ஆற்றில் தோற்ற மீன் ஓடித் தப்பும். இரண்டடித் தொட்டியில் அது எங்கே ஓடும்? என் கப்பிகளும் தங்க மீனும் மாண்டது சண்டியரின் கொடுமையால் என்று நினைத்திருந்தேன். இதைப் படித்த பிறகு, அவற்றை ஒரே கண்ணாடிக்குள் அடைத்த எங்கள் அறியாமையே காரணம் என்று உணர்ந்தேன்.

என் அறியாமை அத்தோடு நிற்கவில்லை. 2023-ஆம் ஆண்டு கோடையில் ஒரு நாள், தொட்டி பாசி படிந்து கிடக்கிறதே என்று முழுவதையும் காலி செய்தேன். கற்களைத் தேய்த்துக் கழுவினேன். நீரை வடிகட்டும் பெட்டியிலிருந்த பஞ்சைக் குழாய் நீரில் வெள்ளை வெளேரென்று அலசினேன். புதுத் தண்ணீர் நிரப்பி, பளிங்கு போலிருந்த தொட்டியைக் கண்டு மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் சண்டியர் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. உடலின் செந்நிறம் மங்கிக் கரிய சாம்பலாயிற்று. தீனியைத் தொடவில்லை. காரணம் எனக்குப் புலப்படவில்லை. அள்ளி அள்ளித் தண்ணீர் மாற்றியதில், எப்படியோ பிழைத்துக்கொண்டது.

அதற்குள் அதன் நீளம் கால் மீட்டரை எட்டியிருந்தது. ஓரடி அகலத் தொட்டியில் திரும்புவதற்கே உடலை வளைக்க வேண்டியிருந்தது. மாலை வேளையில் விளக்கேற்றியதும் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரியென்று கருதி மோதும். மூக்கு நுனி தேய்ந்து வெளுத்திருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை.

"பேசாமல் ஏரியில் விட்டுவிடலாம், சாமி. அதுவும் நிம்மதியா இருக்கும், நமக்கும் புண்ணியம்" என்றார் உபதேசியார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. சிறைப்பட்ட உயிருக்கு விடுதலை அளிப்பதில் என்ன தவறு? ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, மூடி போட்ட வாளியில் சண்டியரை ஏந்திக்கொண்டு இருவரும் எங்கள் ஊர் ஏரிக் கரைக்குச் சென்றோம்.

மதகின் அருகே ஒரு முதியவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளாக அந்த ஏரியில் மீன் பிடிப்பவர். வாளிக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இது என்ன மீனு, சாமி?"

"வெளிநாட்டு மீன், பெரியவரே. தொட்டியில் வளர்ந்தது. ஏரியில் விடலாம் என்று கொண்டு வந்தோம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வலையில் கிடந்த மீன்களைக் காட்டினார். ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஏறத்தாழ நாற்பது மீன்கள். "எல்லாம் ஜிலேபி. நான் சின்னப் பையனா இருக்கறப்ப இந்த ஏரியில விரால், கெளுத்தி, குறவை, கெண்டை, அயிரைன்னு என்னென்ன இருந்துச்சு தெரியுமா? இந்த ஜிலேபியையும் யாரோ நல்லதுன்னு நினைச்சுத்தான் கொண்டாந்து விட்டாங்க. இப்ப வலை போட்டா வேற எதுவும் ஏற மாட்டேங்குது. நீங்க விடறது உங்க இஷ்டம் சாமி. ஆனா ஏரி உங்களுது மட்டும் இல்லையே."

வாளியை மூடினேன். உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினோம்.

முதியவர் சொன்ன ஜிலேபிக்கும் எங்கள் சண்டியருக்கும் உறவு உண்டு என்பது அன்றிரவு புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. நம் மக்கள் ஜிலேபி என்றழைக்கும் திலேப்பியாவும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததே! ஆப்பிரிக்க நாட்டு மீனான அது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. எளிதில் வளரும், ஏழைகளுக்கு உணவாகும் என்பது நோக்கம். நோக்கம் நல்லதே, உணவாகவும் ஆயிற்று. ஆனால் தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால், குஞ்சுகள் பெருமளவில் தப்பிப் பிழைக்கின்றன. சில மாதங்களிலேயே பருவமடைந்து, ஆண்டில் பலமுறை இனம்பெருக்குகின்றன. குளம், ஏரி, அணை எல்லாம் அவற்றால் நிறைந்தன. உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள அமராவதி அணையில் பிடிபடும் மீன்களில் பெரும்பங்கு திலேப்பியாவாகவே ஆயிற்று. ஆஸ்காரும் இதற்கு விலக்கன்று. தென் ஃபுளோரிடாவின் கால்வாய்களில் மனிதர் விட்ட ஆஸ்கார்கள் பல பத்தாண்டுகளாகக் குடியேறிப் பெருகி வாழ்கின்றன. சிக்லிட்டுகளே இரையான கதையும் உண்டு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய கொன்றுண்ணி மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980-களுக்குள் அங்கிருந்த சிறு சிக்லிட் இனங்களில் நூற்றுக்கணக்கானவை அருகியோ அழிந்தோ போயின. 2018-இல் கேரளத்தில் பெருவெள்ளம் வடிந்த பிறகு மீனவர் வலைகளில் தென் அமெரிக்க அரபைமாவும், வட அமெரிக்க முதலைமூக்கு மீனும் சிக்கியதைச் செய்தித்தாள்களில் நாம் படித்தோமே! அவையெல்லாம் யாரோ ஆசையாய் வளர்த்தவை.

விடவும் கூடாது, வைத்திருக்கவும் முடியாது. அப்படியானால் வாங்கிய இடத்திலேயே வழி கேட்போம் என்று கொளத்தூருக்குப் புறப்பட்டேன்.

திருவாலங்காட்டில் காலை மின்தொடர் வண்டி ஏறினேன். கடம்பத்தூர், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் கடந்து வில்லிவாக்கத்தில் இறங்கி, செங்குன்றம் சாலையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் சிறிது நேரத்தில் கொளத்தூர். ஒரு காலத்தில் இப்பகுதி ஏரிகளும் வயல்களுமாக இருந்ததாம். இன்றும் அருகில் இரட்டை ஏரி இருக்கிறது. வடக்கே சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி இருக்கிறது. மற்றபடி வீடுகள், கடைகள், வண்டிகளின் இரைச்சல்.

மீன் கடைத் தெருவுக்குள் நுழைந்ததும் காட்சி மாறிவிட்டது. இருபுறமும் கடைகள், கடைக்குக் கடை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடித் தொட்டிகள். வாசலில் கம்பிகளில் காற்றடைத்த பாலிதீன் பைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைட்டர் மீன், நீலமாகவோ சிவப்பாகவோ, தன் பையே உலகமென்று சிறகு விரித்து நிற்கிறது. ஓரிடத்தில் கற்களும் சிப்பிகளும் மூட்டை மூட்டையாக. ஓரிடத்தில் காற்றுக் குழாய்களும் வடிகட்டிகளும். ஒரு பெண்மணி தட்டுகளில் செந்நூல் உருண்டைகளைப் போல் உயிருள்ள புழுக்களை வைத்து நிறுத்து விற்றுக்கொண்டிருந்தார், மீன்களுக்குத் தீனியாம். பெரிய பைகளில் பிராணவாயு நிரப்பி ரப்பர் வளையம் பூட்டி வெளியூர்களுக்கு அனுப்பும் வேலை ஒருபுறம் மும்முரமாக நடந்தது. பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரு பங்கு பிராணவாயு. அப்படிக் கட்டினால் மீன் ஒரு நாளைக்கு மேல் தாங்குமாம். பயணத்துக்கு முந்தைய நாள் மீனைப் பட்டினி போடுவார்களாம். கழிவு குறைந்தால் பையிலுள்ள நீர் கெடாது.

ஒரு கடையில் நெற்றி பந்துபோல் புடைத்த ஃபிளவர்ஹார்ன் மீன் தனித் தொட்டியில் இருந்தது. மத்திய அமெரிக்கச் சிக்லிட்டுகள் சிலவற்றை ஒன்றோடொன்று கலந்து 1990-களில் மலேசியாவில் மனிதர் உருவாக்கிய மீன் அது. எந்த ஆற்றிலும் அது இயற்கையாகப் பிறக்கவில்லை. "வாஸ்து மீன் சார். வீட்டில வெச்சா அதிர்ஷ்டம்" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் விலையைக் கேட்டு மலைத்தும் வாங்கிச் சென்றார். சில ஆண்டுகளில் அதிர்ஷ்டம் வராவிட்டால் அந்த மீனின் கதி என்னவாகும் என்று எண்ணினேன். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மோகம் தணிந்த பிறகு பலர் அவற்றை நீர்த்தேக்கங்களில் விட்டுவிட்டார்கள். அதிர்ஷ்டத்தை வாங்கியவர் கைகழுவினார். துரதிர்ஷ்டத்தை ஏற்றது அந்த நீர்நிலை.

பல கடைகளில் என் சிக்கலைச் சொன்னேன். "பெரிய மீனை யாரும் எடுக்க மாட்டாங்க" என்பதே விடை. கடைசியில் ஓர் இளைஞர், "சிக்லிட் பொரிக்கிற அம்மா ஒருத்தர் இருக்காங்க, அவங்களைக் கேளுங்க" என்று வழி காட்டினார். இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய வீடு. பின்கட்டில் பந்தலின் நிழலில் பத்துப் பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டிகளும், வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகளும். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க ஃபாதர், உட்காருங்க" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். தொட்டியைக் கழுவிய கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"பஞ்சைக் குழாய்த் தண்ணியிலயா அலசினீங்க? ஃபாதர், வீட்டில தயிர் எப்படித் தோயும்? பழைய தயிர்ல ஒரு கரண்டி உறை ஊத்தினாத்தானே? பாத்திரத்தையும் கழுவி, உறையையும் கொட்டிட்டா பால் பாலாவே கிடந்து திரிஞ்சு போகும். அந்தப் பஞ்சுதான் உங்க உறை."

அவர் விளக்கியதை என் நடையில் தருகிறேன். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. அது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முன்னது இன்னும் நஞ்சு. பின்னது அவ்வளவு தீங்கற்றது. வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினால் அது சேராது. புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையாட்களை நான் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசிக் கொன்றிருக்கிறேன்! பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிந்தால் போதும். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து ஆறவிட்ட பின்னரே ஊற்ற வேண்டும்.

"ஆஸ்காருக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், அம்மா?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுன்னா நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். அதுக்குக் குறைஞ்சா பாவம்."

மனத்தில் கணக்கிட்டேன். ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28 லிட்டர். என் தொட்டியில் இரண்டு கன அடி, அதாவது 56 லிட்டர். அவர் சொன்னதில் பதினாறு கன அடி. 450 லிட்டர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டுமே 450 கிலோ. என் பழைய ஓட்டுக் கட்டடத்தின் மரத்தளம் அதைத் தாங்காது. மீனோ நல்ல நீரும் அளவான தீனியும் கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது.

அவர் தம் தொட்டிகளைக் காட்டினார். ஆஸ்காரில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது. ஆகவே ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, அவை தாமே இணை தேர்ந்துகொள்ளும்வரை காத்திருக்கிறார். இணை சேர்ந்ததும் மற்றவற்றை விலக்கிவிட்டு, தொட்டியில் ஒரு கடப்பா கல்லை வைக்கிறார். இரண்டும் அந்தக் கல்லை வாயால் நாட்கணக்கில் சுத்தம் செய்து, அதன் மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை வரிசை வரிசையாக இடுகின்றன. இரண்டு மூன்று நாட்களில் முட்டை பொரிகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்துகின்றன. அதுவரை தாயும் தந்தையும் துடுப்புகளால் விசிறிக்கொண்டு காவல் நிற்கின்றன. "சத்தம் போட்டாலோ, அடிக்கடி எட்டிப் பார்த்தாலோ பயந்து முட்டையை அதுங்களே தின்னுடும். அதனால அந்த நாளில பிள்ளைங்களை இந்தப் பக்கமே விடறதில்லை" என்றார். சில வேளைகளில் கல்லோடு முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றிக் காற்றுக் குழாயை அருகில் வைத்து அவரே பொரிக்கிறார். அந்த வருமானத்தில் இரு பெண் பிள்ளைகளைக் கல்லூரிவரை படிக்க வைத்ததாகச் சொன்னார். 2015 டிசம்பர் பெருமழையில் தொட்டிகளுக்கு மேல் தண்ணீர் ஏறி, வளர்த்த மீனெல்லாம் போயின. மீண்டும் இரண்டு ஜோடிகளிலிருந்து தொடங்கினாராம்.

"அன்னிக்குப் பணம் போச்சுன்னு அழுதேன். அப்புறம்தான், அதெல்லாம் எந்த ஏரிக்குப் போச்சோன்னு கவலை வந்தது. இப்ப ஒவ்வொரு தொட்டிக்கும் வலை கட்டியிருக்கேன், பாருங்க." தொட்டிகளின் மேல் இறுகக் கட்டிய பச்சை வலைகளை அவர் காட்டியபோது, எங்கள் ஊர் ஏரிக்கரை முதியவரின் முகம் என் நினைவுக்கு வந்தது. அவரும் இவரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் மீன் பிடிப்பவர், ஒருவர் மீன் வளர்ப்பவர். இருவரும் சொன்னது ஒன்றே.

புறப்படும் முன் கேட்டேன்: "என் மீனை ஏற்றுக்கொள்வீர்களா, அம்மா?"

சற்று யோசித்தார். "இணை சேருமான்னு தெரியாது. தனியா வளர்ந்தது முரடாத்தான் இருக்கும். ஆனா ஒரு தொட்டி காலியா இருக்கு. கொண்டு வாங்க. விலை எதுவும் கேட்காதீங்க, நானும் கேட்க மாட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் சண்டியரை ஒரு நாள் பட்டினி போட்டு, மூடியில் துளையிட்ட பெரிய வாளியில், தொட்டி நீரிலேயே வைத்து, ஒரு வாடகை வண்டியில் கொண்டு சென்றோம். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக் குழாயை உபதேசியார் வழி முழுவதும் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த அம்மையார் வாளியிலிருந்து நீரைச் சிறிது சிறிதாக மொண்டு, தம் தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, முக்கால் மணி நேரம் பழக்கிய பின்னரே மீனை விட்டார். சண்டியர் தொட்டியின் ஒரு மூலைக்குப் போய் நிறம் கறுத்து அசையாமல் நின்றது. திரும்பி வரும் வழியில் உபதேசியார் ஒரு வார்த்தை பேசவில்லை. வெறும் வாளி மட்டும் வண்டியில் உருண்டுகொண்டே வந்தது.

2024 மார்ச்சில் சென்னைக்குப் போன வேலை முடிந்து மீண்டும் கொளத்தூர் சென்றேன். ஆறடி நீளச் சிமெண்டுத் தொட்டியில் சண்டியர் இருந்தது. நிறம் முழுவதும் திரும்பி, முன்னைவிடப் பருத்திருந்தது. மூக்கு நுனியின் வெளுப்பு மறைந்திருந்தது. தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு. மறுபுறம் வேறோர் ஆஸ்கார். "ரெண்டு தடவை தடுப்பை எடுத்துப் பார்த்தேன், சண்டைதான். இன்னும் ஒரு தடவை பார்ப்போம். சேரலைன்னாலும் பரவாயில்லை, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அம்மையார். நான் குனிந்து பார்த்தேன். அது என்னை அறிந்துகொண்டதா என்று கேட்பீர்கள். என் கையில் தீனி டப்பா இல்லை. எனவே அது திரும்பிப் பார்க்கவில்லை. தன் மூலையில் குவித்து வைத்திருந்த கற்களில் ஒன்றை எடுத்து இடம் மாற்றிக்கொண்டிருந்தது.

மீன் வளர்க்க ஆசைப்படும் குடும்பங்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். வாங்கும்போது மீனின் அளவைப் பாராதீர்கள். வளர்ந்த பின் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். ஒரு கடையில் சொன்னதை வேறிரு இடங்களில் விசாரியுங்கள். தொட்டியை ஒரு மாதம் முன்னதாகவே தயார் செய்யுங்கள். முடியாமற் போனால் வளர்ப்பவர் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். குளத்திலோ ஆற்றிலோ ஒருபோதும் விடாதீர்கள். ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டுவருவது ஒரு நாள் வேலை. அதன் வாழ்நாள் முழுவதற்கும் பொறுப்பேற்பது வேறு.

என் இரண்டடித் தொட்டி இப்போதும் சன்னலோரத்தில் இருக்கிறது. சில மாதங்கள் அது வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாள் ஏரிக்கரை முதியவர் ஒரு சிறு தூக்குப் பாத்திரத்துடன் வந்தார். வாய்க்கால் ஓரத்தில் கிடைத்தன என்று ஆறு அயிரைகளையும் நான்கு சிறு கெண்டைகளையும் கொடுத்தார். "இதுங்களை வளருங்க, சாமி. வேணாம்னா எங்க ஏரியிலேயே விட்டுடலாம், இதுங்க ஊரு அதுதான்" என்றார். அவற்றில் பளபளப்பான நிறம் எதுவும் இல்லை. மணலோடு மணலாகக் கிடக்கும் அயிரையைக் கண்டுபிடிக்கவே சிறிது நேரம் ஆகும். ஆனால் மாலையில் வரும் சிறுவர்கள் இப்போது அந்தத் தொட்டியின் முன் உட்கார்ந்து, ஆறும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். தங்கள் ஊர் ஏரியில் இப்படியொரு மீன் இருந்தது அவர்களில் பலருக்கு இதுவரை தெரியாது.